ஓடாத நீர்

ஏரிக்கரையில் ஒரு பறவைகூட இல்லை. காட்டுப் பாதை முழுக்கக் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. மரங்கள் முடிந்து தண்ணீர் தெரிந்த இடத்தில் அந்தச் சத்தம் கதவைச் சாத்தியது போல நின்றுவிட்டது. ஆரணி அதைக் கவனித்தாள், ஆனால் பயப்பட நேரமில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம்.

"இதிலையோ கரைச்சனி?"

"ஓம் அக்கா," என்றான் லவன்.

"ரைன் ஆத்திலை எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு?"

அவள் தம்பி சப்பாத்து முனையால் கரைக் கல்லைத் தட்டினான். இந்த நாட்டில் சாம்பலை வீட்டாரிடம் தருவதில்லை என்று அம்மாவை ஹொலண்டில் எரித்து அதைக் கையில் வாங்கியபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கரைக்கிற கடமை ஒரே மகன் என்று அவனுக்குத்தான் போனது. ஆற்றங்கரையில் பொலிஸ் பிடித்துவிடும் என்று பயந்தவன், ஐஃபல் மலைக்குள் எரிமலை வெடித்த குழியில் கிடக்கும் இந்த ஏரிக்கு வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். பொலிஸுக்குப் பயந்த மகராசன் செத்தவளுக்குப் பயப்படவில்லை. இன்று காலைதான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான்.

"கரையிலை குமிழி வந்துது. ஊரிலை சாம்பல் கரைக்கிற கீரிமலை மாதிரி ஊத்துத்தானே எண்டு நினைச்சன்."

"கீரிமலைக்குப் பக்கத்திலை கடல் கிடக்கு, மடையா! இதுக்குள்ளை ஆறு வருதோ, போகுதோ? அம்மா எங்காலை போறது?"

எசன் நகரத்து வீட்டிலிருந்து அவள் ஒரு செம்பு கொண்டுவந்திருந்தாள். கொட்டிய இடத்துத் தண்ணீரை மொண்டு போய் ரைனில் விடுவது, அம்மாவைப் போகவிடுவது. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேல் முழங்கால் உயரத்தில் பனிப்புகார் அசையாமல் கிடந்தது. அதற்குள்ளிருந்து கற்பூரமும் நனைந்த சாம்பலும் கலந்த மணம் வர, கரையோரம் உலையில் அரிசி கொதிப்பது போலக் குமிழிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது.

அவள் செம்பைத் தம்பியின் கையில் திணித்தாள். "நீதானே கொட்டினனி. நீயே கூப்பிடு."

லவன் முழந்தாளிட்டுச் செம்பைத் தாழ்த்தினான். "அம்மா, வாங்கோ. போவம்."

குமிழிகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில்.

அவன் எழவில்லை. காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தபடி இருந்தான்.

"என்னடா?"

"அம்மா கோவமா இருக்கிறா, அக்கா."

"இருக்கத்தானே வேணும்!" ஆரணி கத்தினாள். "உன்னைச் சும்மா விடக்கூடாது!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அதை யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரிந்தது.

செம்பு நழுவியது. தண்ணீருக்குள் தாண்டது. சத்தமே இல்லை.

"லவன். எழும்படா. போவம்."

சுவெட்டரின் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். வந்தான். லேசாக வந்தான்.

மிக லேசாக.

திரும்பி அவளைப் பார்த்தான். கண்கள் கெஞ்சின. அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான். சாம்பல் கொட்டியது.

இருமினான். இன்னும் வந்தது. நெஞ்சு உள்வாங்கியது. தோள் சரிந்தது.

"அம்மா, விடுங்கோ! தெரியாமல் சொல்லிப்போட்டன், அவனை விடுங்கோ!"

கைகள் வற்றின. கழுத்து வற்றியது. முகம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

ஆரணி பிடியை விடவில்லை. அவள் கையில் தொங்கிய வெறும் சுவெட்டர் இருமிக்கொண்டே இருந்தது.