முதுகு காட்டி நின்றவர்

மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு முதுகு விண் விண்ணென்று தெறித்தது. பழைய கட்டடம், ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். மேலே போய்க் கதவைத் திறந்தால் இருட்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் அந்த அறைக்கு எல்லாம் ஒன்றுதான். வெளி வெளிச்சம் பட்டால் மானிட்டரில் நிறம் பொய் சொல்லும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். சூடான பிளாஸ்டிக் வாடைதான் அங்கே காற்று. அதைச் சுவாசித்தே அவள் வயதில் பாதி போயிருந்தது.

ஆபீஸில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பேர். படத்தில் வேண்டாத ஆளை, கம்பத்தை, குப்பைத் தொட்டியை அழித்துத் தருவதுதான் வேலை. சண்டை போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளையைக் குடும்பப் படத்திலிருந்து அழித்திருக்கிறாள். சமாதானமாகித் திரும்பி வந்தவரை மறுபடி ஒட்டியும் கொடுத்திருக்கிறாள். அந்த மனுஷனே வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் ஒரே ஒரு தம்பி. சின்னவன் என்றுதான் கூப்பிடுவாள். அம்மா கண்ணை மூடியபோது அவன் இவள் இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது கூரியர் வண்டி ஓட்டுகிறான். சாயங்காலமானால் தைலப் புட்டியும் கையுமாக வந்து நிற்பான். "அக்கா, திரும்பு" என்பான். தன் முதுகுக்கு அவன் தைலம் தேய்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாளை எல்லாம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முதலாளி ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஆஸ்பத்திரி ஒண்ணுல வெயிட்டிங் ஹால் சுவர் முழுக்க ஒரே படம். கடல். பார்த்தா மனசுக்கு இதமா இருக்கணும். நடுவுல ஒருத்தர் நிக்கறாரு, அவரைத் தூக்கிடு."

திறந்து பார்த்தாள். சாயங்காலக் கடற்கரை. சூரியன் இடது ஓரத்தில் தாழ இறங்கியிருந்தது. அலை பின்வாங்கிய ஈர மணல் கண்ணாடியாக மின்னியது. தொப்பி போட்ட ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். அவர் காலடியிலிருந்து நீண்ட நிழல் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது.

நல்ல படம் என்று அவள் கண்ணுக்கு உடனே தெரிந்தது. ஆள் நின்ற இடம்தான் படத்துக்கு அச்சாணி. வானத்தைப் பார்த்தாலும் பாறையைப் பார்த்தாலும் பார்வை சுற்றிக்கொண்டு அவரிடமே வந்து நின்றது. அவரை எடுத்துவிட்டால் கண் எங்கே போய் உட்காரும்? ஆனால் அதையெல்லாம் முதலாளியிடம் யார் பேசுவது?

அடிவானத்தை நேராக்கினாள். மேகத்தின் கறுப்பைக் குறைத்தாள். மணலில் கொஞ்சம் மஞ்சள் வெதுவெதுப்பை ஏற்றினாள். பிறகு பக்கத்து அலையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அந்த மனுஷர் மேல் பூசினாள். தொப்பி போயிற்று, தோள் போயிற்று, கடைசியில் காலும் போயிற்று. கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்படியே சேவ் செய்துவிட்டு மூடினாள்.

சேவ் செய்தது அந்த டிஸ்க்கில் இருந்த ஒரிஜினல் படத்தின் மேலேயே. சின்னப் பையன்கூடச் செய்யாத தப்பு. அசந்துபோன கைக்கு அது தெரியவில்லை.

பிரிண்ட் போய்ச் சுவரில் ஏறிய பிறகு முதலாளி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"ஏம்மா ரப்பர்! ஆளைத் தூக்கினவ நிழலை விட்டுட்டியே! ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கறவங்க எல்லாம் 'யாரோட நிழல் இது'ன்னு கேட்கறாங்களாம். ஒரு அம்மா அழவே ஆரம்பிச்சுட்டாங்களாம். மானம் போகுது!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷ வேலையில் நிழலை மறந்ததே கிடையாது. படத்தைத் திறந்தாள். ஆமாம், யாருமில்லாத மணலில் தொப்பி போட்ட நிழல் மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

மணலை எடுத்து அதன் மேல் பூசி, சேவ் செய்து, மூடித் திறந்தாள்.

நிழல் இருந்தது.

மறுபடி அழித்தாள். இந்தத் தடவை பெரிதாக்கி, மணல் மணலாகப் பார்த்துப் பூசினாள். மூடித் திறந்தாள்.

இருந்தது. கொஞ்சம் நீண்டும் இருந்தது. தொப்பி படத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மூடிய அறையில் எங்கிருந்தோ உப்பு வாடை வந்தது. ஏசியைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"சார், இது போக மாட்டேங்குது."

"போகலைன்னா விடு. நிழல் இருக்குல்ல, அங்க எவனையாவது கொண்டுபோய் நிறுத்து. நாளைக்குள்ள புதுப் பிரிண்ட் போகணும்."

வெளிச்சம் பொருந்த வேண்டும், அதுதான் பெரிய பாடு. நடுப்பகலில் எடுத்த ஆளைச் சாயங்காலக் கடலில் நிறுத்தினால் சினிமா கட்அவுட் மாதிரி துருத்திக்கொண்டு நிற்பான். தேடித் தேடி அலுத்தபோது தன் செல்போனில் இருந்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. போன வருஷம் கடலுக்குப் போனபோது எடுத்தது. சின்னவன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி, அலையைப் பார்த்து நிற்கிறான். இடது பக்க வெயில், தாழ்ந்த சூரியன்.

வைத்தாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. நிறம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாதம் நிழலின் அடியில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. நிழலில் தொப்பி இருந்தது, அவன் தலையில் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று சேவ் செய்தாள்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெயில் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் சின்னவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா, சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

"கால் ஜில்லுன்னு இருக்குக்கா."

குரல் எங்கோ காற்றடிக்கும் இடத்திலிருந்து வந்தது. அவன் காலைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது.

"திரும்புடா."

"திரும்பித்தான்க்கா நிக்கறேன்."

அவள் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போனாள்.

முதுகு.

சுவருக்கும் அவனுக்கும் நடுவே புகுந்து நிமிர்ந்து பார்த்தாள்.

முதுகுதான். பின்னங்கழுத்து, பின்தலை. சின்ன வயதில் ஊஞ்சலில் விழுந்து தையல் போட்ட தழும்பு. இந்தப் பக்கம் வந்தாலும் அதே தழும்பு, அந்தப் பக்கம் போனாலும் அதே தழும்பு.

அவள் படத்தில் வைத்தது அவன் முதுகை மட்டும்தான்.

"அக்கா, நீ எங்க இருக்கே? தண்ணி மட்டும்தான் தெரியுது."

அவன் முதுகைக் கட்டிக்கொண்டு விடியும்வரை விடவே இல்லை. பொழுது விடிந்ததும் ஆபீஸுக்கு ஓடினாள். படத்திலிருந்து அவனை எடுத்தாள். சேவ் செய்து மூடித் திறந்தாள். சின்னவன் நின்றான். நிழலாவது அழித்தால் கொஞ்சம் நீண்டு வந்தது. இவன் அசையவே இல்லை.

டிஸ்க்கின் உறையில் ஒரு போன் நம்பர் இருந்தது. அழைத்தாள். வயதான பெண் குரல் எடுத்தது. படம் எடுத்தவரின் மனைவி. இவள் நடந்ததைச் சொன்னாள்.

"உங்க முதலாளிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. மத்த படத்தையெல்லாம் என்ன வேணா பண்ணிக்கங்க, அந்த ஒண்ணுல மட்டும் கை வைக்காதீங்கன்னு. கேமராவை ஸ்டாண்டுல வச்சுட்டு அவரே போய் நின்னாரு. பெரிய அலை வந்துச்சாம். கேமரா மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு."

"உடம்பு கிடைக்கலையாம்மா?"

"இல்லை. அவருக்கு நிக்கறதுக்கு அந்த ஒரு இடம்தான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களா?"

"அவரோட வேற படம் ஏதாவது இருந்தா குடுங்கம்மா. காலைத் தொட்டுக் கேட்கறேன். திரும்ப வச்சுடறேன்."

"ஊர்ல எல்லாரையும் அவர் எடுத்தாரு. அவரை யாரும்மா எடுத்தா?"

போன் ஓய்ந்தது. அவள் இருட்டில் உட்கார்ந்து யோசித்தாள். அந்த நிழலுக்கு ஒரு ஆள் வேண்டும். ஒருத்தர் வந்து நின்றால்தான் இன்னொருத்தரை விடும். கம்ப்யூட்டரில் முகம் தெரியாத ஆட்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருவனை இழுத்துக் கடல் ஓரம்வரை கொண்டுபோனாள். அவனுக்கும் வீட்டில் ஒரு அக்கா இருப்பாளே. கை ஓடவில்லை. அழித்துவிட்டாள்.

போன வருஷம் கடலுக்குப் போனபோது சின்னவனும் அவளை ஒரே ஒரு படம் எடுத்திருந்தான். மணலில் உட்கார்ந்திருக்கிறாள். "சிரிக்கா, காசா பணமா" என்று அவன் சொன்னதற்கு அலுப்போடு சிரித்திருக்கிறாள். முகம் நேராகக் கேமராவைப் பார்க்கிறது.

முகம் தெரிகிறது, அது போதும் என்று நினைத்தாள். என் தம்பிக்கு என் முகமாவது தெரியும்.

சின்னவன் மேல் தன்னை வைத்தாள். சேவ் செய்தாள். மூடித் திறந்தாள். அவன் இல்லை. நிழலின் அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

செல்போன் அடித்தது.

"அக்கா, எங்க போயிட்டே? என்னமோ நாள் கணக்கா தூங்கி எழுந்த மாதிரி இருக்கு. பசி உயிர் போகுது."

அவள் மேஜையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். நேராக ஹோட்டலுக்குப் போய் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவன் முகம். மூக்கு, கண், அரைகுறை மீசை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா அப்படிப் பார்க்கறே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி?"

"ஒண்ணுமில்லடா. சாப்பிடு."

அவன் சாப்பிட்டுக் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் கொஞ்சம் ஜில்லென்று இருந்தது. ஆனால் முதுகு வலிக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதுகில் ஒரு துளி வலி இல்லை. அப்பாடா என்று இருந்தது. இப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

சின்னவன் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, திரும்பு."

"இன்னைக்கு வேண்டாம்டா. வலியே இல்லை."

"பொய் சொல்லாதே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மூடியைத் திருகிக்கொண்டே அவள் பின்னால் போனான். நின்றான். எதிர்ப்பக்கம் வந்தான். மறுபடி பின்னால் போனான். எந்தப் பக்கம் போனாலும் அவன் முகம் அவளுக்கு நேராகத் தெரிந்துகொண்டே இருந்தது. அதில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

தலைக்கு நேர் மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியிலிருந்து, தொப்பி போட்டு நிற்கும் ஒருவரின் நிழல், வலது பக்கம் சுவர்வரை நீண்டு கிடந்தது.

புட்டி அவன் கையிலிருந்து நழுவியது.

"அக்கா... உன் முதுகு எங்கக்கா?"