வெள்ளைமேட்டுக்கு எந்த டயர்

செவ்வாய்க் கிரகத்தில், அல்லிநகரின் கண்ணாடிக் கூரைக்குள் காற்று இலவசம். ஆனாலும் டீ குடிக்கப் போகிறவர்கள்கூட இரண்டு பக்கமும் காற்றுச் சிலிண்டர் கட்டிய சாகச வண்டியில்தான் போவார்கள். முன்னால் பாறை தட்டாமலிருக்க இரும்புத் தடுப்பு. பின்னால் சுருட்டிய கூடாரம். ஊரைச் சுற்றிவரும் வட்டச் சாலை தோசைக்கல்லைப் போல வழுவழுப்பானது. அதில் ஒரு சுற்று வந்து, டீக்கடை வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு டயரைப் பற்றிப் பேசுவதுதான் அங்கே ஞாயிற்றுக்கிழமை. கூரைக்கு வெளியே போய்வந்தவர்கள் மிகச் சிலர். போக முடியும் என்பதே மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கதிரேசனிடமும் அப்படி ஒரு வண்டி இருந்தது. அவனுக்குப் போவதற்கு ஓர் இடமும் இருந்தது.

வடக்கே ஒரு பகல் பயணத்தில் வெள்ளைமேடு. அங்கே பாறை ஆய்வாளர்கள் தங்கும் குடில் ஒன்று உண்டு. அவன் மனைவி மேகலா கடைசியாக வேலை செய்தது அங்கேதான். மயங்கி விழுந்தவளை மீட்பு ஊர்தி அள்ளிக்கொண்டு வந்தது. அவள் கண் விழிக்கவில்லை. அவளுடைய தலைக்கவசம் குடிலிலேயே தங்கிவிட்டது.

செவ்வாய்வாசிகள் கவசத்தைக் கழற்றியதும் கழுத்துப் பக்கத்தைத் திருகுமூடியால் அடைத்துவிடுவார்கள். செம்புழுதி உள்ளே போனால் லேசில் வெளியேறாது. மேகலாவும் மூடியிருப்பாள். அப்படியானால் உள்ளே அவள் விட்ட மூச்சு இருக்கும், தலைமுடியின் வாசம் இருக்கும். ஒருமுறைதான் திறக்க முடியும். திறக்கும்போது பக்கத்தில் தான் மட்டும் இருக்க வேண்டும் என்பதால் கதிரேசன் யாரையும் எடுத்துவரச் சொல்லவில்லை. மூடியில் காற்றை அடைத்துவைக்கும் வளையமோ அடுத்த புழுதிக் காலத்தைத் தாங்காது. அதற்குள் போயாக வேண்டும்.

அதற்கு முதலில் சரியான டயர் வேண்டும்.

செவ்வாயின் குளிரில் ரப்பர் உடைந்துவிடும். அங்கே டயர் என்றால் உலோகக் கம்பியால் பின்னிய வலை. அதன்மேல் புடைத்திருக்கும் பட்டன்கள் மண்ணைக் கவ்வும். பட்டன் கூடினால் மணலில் நல்லது, சாலையில் அதிரும். குறைந்தால் நேர்மாறு. அதனால் டயர்களை விகிதம் சொல்லி விற்பார்கள்: சாலைக்கு எண்பது, மண்ணுக்கு இருபது; எழுபதுக்கு முப்பது; ஐம்பதுக்கு ஐம்பது.

டயர் கடை ரோஸ்லின் அக்கா அவனைப் பார்த்ததுமே கையுறையைக் கழற்றிவிட்டாள். வேலை இருக்காது என்று தெரியும்.

“என்ன தம்பி, இன்னிக்காவது மாட்டிரலாமா?”

“இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“பொண்ணு பாக்கக்கூட இத்தனை வாட்டி வரமாட்டாங்கடா.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கதிரேசன் சிரித்தான். “அவளைப் பாத்த அன்னைக்கே சரின்னுட்டேன்க்கா. டயர் அப்படியா?”

“முதல்ல பாறை, அப்புறம் முழுக்க மணல். பட்டன் நிறைய இருக்கறதா போடு.”

“பாறையில வழுக்குமே.”

“அப்ப கம்மியா போடு.”

“மணல்ல புதையுமே.”

“அப்ப வீட்லயே கெட.”

அவள் சொன்ன யோசனைகளில் அவன் பின்பற்றியது அது ஒன்றைத்தான்.

வீட்டில் வழிசொல்லி இருந்தது. நகரத்தார் எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்லும் பொதுமூளை. வெள்ளைமேட்டு மணலில் எழுபதுக்கு முப்பது தாங்குமா என்று கேட்டான். தாங்கும் என்றது. குளிரில் கம்பி விறைத்தால்? விறைத்தாலும் தாங்கும் என்றது. அறுபதுக்கு நாற்பது ஏன் கூடாது? கூடும் என்றது. மறுநாள் அதையே வேறு மாதிரி கேட்டான். டயரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை குடிலின் கதவைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இது கதிரேசனுக்கும் தெரியும். தெரிந்தே கேட்டான். படித்தவன் அல்லவா, தன்னை ஏமாற்றுவதற்கும் ஆதாரங்கள் தேவைப்பட்டன.

அந்த நாட்களில் பெரிய உருளைகள் பூட்டிய எந்திரங்கள் வடக்கு வாசல் வழியாக வரிசையாக வெளியே போயின. வேலைக்குப் போகும் வழியில் கதிரேசன் அவற்றைப் பார்த்தான். எங்கே போகின்றன என்று அவனுக்குத் தோன்றவில்லை. பின்சக்கரத்தில் பட்டன் நெருக்கமாக இருப்பதைக் குறித்துக்கொண்டான்.

கடைசியில் புழுதிக் காலம் அறிவிக்கப்பட்டது. ஒரே வாரம் மீதி. கதிரேசன் ஓடிப்போய் ஐம்பதுக்கு ஐம்பது என்றான். எத்தனையோ ஒப்பீடுகளுக்குப் பிறகு சரிபாதியில் வந்து நின்றிருந்தான். அது முடிவல்ல, முடிவெடுக்கத் தெரியாதவனின் கணக்கு என்று ரோஸ்லினுக்குப் பட்டது. மனம் மாறுவதற்குள் மாட்டிவிட்டாள்.

வடக்கு வாசல் திறந்தது. வெளியே பாறை இல்லை. மணல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் புதிதாகப் போட்ட கருஞ்சாலை, நடுவே வெள்ளைக்கோடு.

அல்லிநகரில் சாலை கேட்டு யாரும் மனு கொடுப்பதில்லை. எந்த இடத்தைப் பற்றி வழிசொல்லியிடம் அதிகமாகக் கேட்கப்படுகிறதோ அங்கே சாலை போகும். தனியுரிமையை மதித்து, யார் கேட்டார்கள் என்று பொதுமூளை பார்ப்பதில்லை. எத்தனை முறை என்று மட்டும் எண்ணும். வெள்ளைமேட்டுக்குப் போகத் துடிக்கும் பெரும் கூட்டம் ஒன்று ஊரில் இருப்பதாக அது முடிவு செய்திருந்தது.

வழி நெடுகப் பட்டன்கள் சாலையில் அதிர்ந்து அவன் பற்களைத் தந்தியடிக்க வைத்தன.

குடிலுக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். வாசலில் ‘வெள்ளைமேடு பயணியர் இல்லம்’ என்று பலகை. வெளியே பத்துப் பதினைந்து சாகச வண்டிகள். உள்ளே ஒரு பணி எந்திரம் வந்து வணங்கியது.

“வாங்க ஐயா. டீயா, காபியா?”

“இங்க ஒரு தலைக்கவசம் இருந்தது.”

“ஆமாங்க ஐயா. பழைய பொருளெல்லாம் சுத்தம் பண்ணி அலமாரியில வச்சிருக்கோம்.”

மேகலாவின் கவசம் பளபளத்தது. மூடியைக் காணோம். கதிரேசன் அதற்குள் முகத்தை வைத்தான். எலுமிச்சை வாசம் அடித்தது.

“யாரு சுத்தம் பண்ணச் சொன்னது?”

“விருந்தாளிங்க வசதிக்குத்தான் ஐயா. ஆயிரக்கணக்கானவங்க ஆசையா விசாரிச்சிருந்தாங்க. கேள்வியெல்லாம் படிச்சோம். பாவம், எல்லாருமே ஒரே மாதிரி பயந்திருந்தாங்க.”

கவசத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டு அவன் வெளியே வந்தான். அழுகை வரும் என்று வண்டியருகே நின்று காத்திருந்தான். வரவில்லை. பக்கத்து வண்டியிலிருந்து இறங்கிய ஓர் இளைஞன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். கதிரேசனின் கவச வானொலியில் அவன் குரல் ஒலித்தது.

“அண்ணே, ஐம்பதுக்கு ஐம்பதா? எப்படிண்ணே இருக்கு?”

“நல்லாருக்கு.”

இளைஞனோடு வந்த பெண் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, உள்ள போலாம். குளுருது.” அவள் மூச்சு கவசக் கண்ணாடியில் பனியாகப் படிந்தது.

“இரும்மா, ரெண்டு நிமிஷம்.”

கதிரேசன் அந்தப் பனியைப் பார்த்தான். “கூப்பிடறாங்கல்ல. போங்க தம்பி.”

“அவ கெடக்குறாண்ணே, எப்பவும் இப்படித்தான். நீங்க சொல்லுங்க, மணல்ல எப்படி?”

கதிரேசன் வாழ்நாளில் மணலில் ஒரு முழம்கூட ஓட்டியதில்லை.

“மணல்ல பாத்தீங்கன்னா...” என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.