கூடுதலாக ஒரு கடி

ஆளில்லாத அறையில் யாரோ மொறுக்கென்று கடித்தார்கள்.

பன்னிரண்டு வருஷமாக ஒலிப்பதிவு செய்கிறவள் அவள். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் காலி அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது வழக்கம். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. பின்னால் ஒட்டுப்போட அது உதவும். இன்றும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பஞ்சு ஒட்டிய கறுப்புச் சுவர்களுக்கு நடுவே, ஒரு நாற்காலி, ஒரு மைக், அவ்வளவுதான். ஆனாலும் இருபத்திரண்டாவது நொடியில் அந்தக் கடி. மூன்று முறை போட்டுக் கேட்டாள். மூன்று முறையும் இருந்தது. விளம்பரத்துக்காக வந்து மேஜைமேல் கிடந்த சோளக்குழல் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் பிரிக்கவே இல்லை.

போன் அடித்தது. விளம்பரக்காரர்.

"மேடம், அஞ்சு மணிக்குள்ள வேணும். குழந்தை கடிக்கிற சத்தம். நேத்து நம்ம ஆள் கடிச்சது செங்கல் உடைக்கிற மாதிரி இருக்கு."

"அனுப்பறேன்னு சொன்ன குழந்தை எங்க சார்?"

"அதுக்குக் காலைல பல்லு விழுந்திடுச்சு. முன்பல்லு வேற. உங்க வாண்டுக்கு லீவுதானே?"

வாண்டு மேஜைக்கு அடியில் படுத்து யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. விஷயத்தைச் சொன்னதும் துள்ளி எழுந்தாள். ஊரில் எந்தக் கடையில் தொங்கினாலும் கையை நீட்டிக் கேட்கும் பாக்கெட் அது. விரல் நீளக் குழல்கள், மேலே ஆரஞ்சு நிறச் சீஸ் தூள்.

அவளே பிரித்து, ஒன்றை எடுத்து மகளின் வாயில் வைத்தாள். புளிப்பும் உப்புமாக வாசனை மூக்கில் ஏறியது. தன் விரல்களிலும் தூள் அப்பிக்கொண்டது. வாண்டு தானே இன்னொன்றையும் எடுத்துத் தின்றுவிட்டுக் கையை வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் இழுத்துத் துடைத்தாள். ஆரஞ்சு நிறத்தில் நாலு கோடு.

"நக்கிக்கயேன்டி."

"ச்சீ, எச்சில்."

"சோப்புக் கம்பெனிக்காரன் உன் படத்தை மாட்டிக் கும்பிடணும்."

உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, பாக்கெட்டை மடியில் கொடுத்தாள். டியூப்லைட்டின் ரீங்காரம் மைக்கில் ஏறும்; பதிவின்போது அணைத்தே ஆகவேண்டும். சுவிட்ச் இந்தப் பக்க மேஜையில் இருந்தது.

"இருட்டா இருக்கும். பயமா?"

"நீ கண்ணாடில தெரிவியா?"

"தெரிவேன்."

"அப்ப இல்ல."

இரண்டு கனத்த கதவுகளையும் சாத்திவிட்டு வந்து, காதில் ஹெட்போனை மாட்டி, விளக்கை அணைத்தாள். கண்ணாடி கறுத்தது. அதில் மங்கலாக அவள் முகமே தெரிந்தது, அதற்குப் பின்னால் நாற்காலியின் சின்ன நிழல்.

மொறுக்.

அருமை. உள்ளே வெறும் காற்றுதான் என்று சொல்லும் சத்தம். வெடித்த கணமே காலியாகிவிடுகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொரு கடி கேட்டது. நிதானமாக. ஈரமாக.

பேசும் பொத்தானை அழுத்தினாள். "ரெண்டு ரெண்டா கடிக்காத."

"ஒண்ணுதாம்மா கடிச்சேன்."

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். பஞ்சுச் சுவரில் ஏது எதிரொலி என்றும் நினைத்தாள். மறுபடி மொறுக். மறுபடி, அதன் பின்னாலேயே, மற்றது. முதலில் அறையின் கோடியில் கேட்டது இப்போது நாற்காலிக்குப் பக்கத்தில் கேட்டது. அதில் காற்று இல்லை. கடிபட்டது உள்ளே நிறைந்த ஏதோ ஒன்று.

"அம்மா."

"என்னடா?"

"யாரோ தூளை நக்கறாங்க. இந்தக் கைல." மைக்கில் மூச்சு உரசியது. "நாக்கு சில்லுனு இருக்கு."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். முதல் கதவு. இரண்டாவது கதவு. கும்மிருட்டு. விளக்கைப் போடாமல் ஓடி வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. "வாண்டு!" கையை நீட்டித் துழாவினாள். சின்னக் கை ஒன்று வந்து அவள் கைக்குள் புகுந்தது. அள்ளித் தூக்கினாள். கதவுகளை முதுகால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, காலால் உதைத்துச் சாத்தினாள்.

மேஜையோரம் தரையில் சரிந்தாள். மார்போடு அணைத்திருந்தாள். குழந்தையின் முகம் அவள் கழுத்தில் புதைந்திருந்தது.

"ஒண்ணுமில்லடா. அம்மா இருக்கேன்ல. வீட்டுக்குப் போயிடலாம்."

 உடம்பு குளிர்ந்திருந்தது. தட்டிக்கொடுத்தாள். சட்டையை நீவிவிட்டாள்.

சட்டை வெள்ளையாக இருந்தது.

நெஞ்சில் கோடு இல்லை. ஒரு கோடு கூட.

பதிவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது. மேஜையிலிருந்து தொங்கிய ஹெட்போனுக்குள், கொசுவின் குரல் போல:

"அம்மா, பாக்கெட் காலி. எப்ப லைட் போடுவ?"

கண்ணாடியைப் பார்த்தாள். இருட்டின் உள்பக்கத்திலிருந்து ஒரு குட்டி உள்ளங்கை வந்து பதிந்தது. ஐந்து விரல். ஆரஞ்சு.

சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். எட்டவில்லை. பாதியிலேயே அந்தக் கை பிடிபட்டது. மடியில் இருந்தது அதை மெதுவாகக் கீழே இறக்கி, தூள் அப்பிய விரல்களைத் தன் வாய்க்குக் கொண்டுபோனது.

சில்லென்று இருந்தது.

ஒவ்வொரு விரலாக. அவசரமே இல்லாமல்.

தூள் தீர்ந்தது. நாக்கு நின்றது.

பல் பட்டது.