நின்ற எண்

போன் பேசிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியபோது கிலோமீட்டர் மீட்டரின் கடைசி எண் சக்கரம் நகர்ந்திருந்தது. முழு எண் இல்லை, பாதிதான். போகும்போது நேராக நின்றிருந்த இரண்டு மேலே ஏறிப் பாதி மறைந்திருந்தது. கீழிருந்து மூன்றின் தலை எட்டிப் பார்த்தது. மீட்டர் வேலைப்பெஞ்சில் ஒரு பழைய துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. அதில் கேபிள் எதுவும் மாட்டியிருக்கவில்லை. கார் நாலடி தள்ளி, சக்கரங்களுக்கு அடியில் கல் கொடுத்து, டாஷ்போர்டில் மீட்டர் இருந்த இடத்தில் வட்டமான ஓட்டையோடு நின்றது.

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

போனில் வந்தது மனைவியின் தம்பி. அக்காவின் கார் அவனுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது.

"மாமா, வண்டி ரெடியா? காலைல வந்துடுவேன்."

"மீட்டர் மட்டும் மாட்டணும்."

"அதையாவது உருப்படியா மாட்டுங்க. பெட்ரோல் முள்ளு எப்பவோ செத்துப்போச்சு. கிலோமீட்டரும் இல்லன்னா நான் டேங்க்குக்குள்ள குச்சி விட்டுப் பாத்துதான் வீடு போய்ச் சேரணும்." சிரித்தான். இவன் சிரிக்காததைக் கவனித்ததும் குரல் இறங்கியது. "நின்ன நம்பர்லயே வைங்க மாமா. அக்கா ஓட்டுனது அப்படியே இருக்கட்டும்."

"சரி மாப்ள."

சொன்னது பொய். அதற்கு முன்பே வேறு எண்ணை வைத்து முடித்திருந்தான்.

மாமனாரிடமிருந்து வந்த நாளிலிருந்தே அந்தக் காரில் பெட்ரோல் முள் அசையாது. அதனால் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டியை எடுத்தாலும் கிளம்பும்போதும் வந்து நிறுத்தும்போதும் மீட்டரில் இருக்கும் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஓடியது, எப்போது பெட்ரோல் போடுவது, எல்லாம் அந்தக் கணக்குதான். மனைவி ஏலம் விடுகிறவள் போல நீட்டி முழக்கிச் சொல்வாள். அவன் சமையலறையிலிருந்து "கேட்டுச்சு" என்பான். விபத்து நடந்த அன்று காலையும் சொன்னாள். அவனும் கேட்டுச்சு என்றான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஏரிக்கரைச் சாலையின் கடைசி வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போயிருந்தது. பிரேக் பிடித்த தடமே இல்லை என்றார் போலீஸ்காரர். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வளைவு வருவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். காருக்கு அதிகச் சேதமில்லை. மீட்டருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டு, எண் அங்கேயே நின்றுபோனது.

அவன் படித்தது இயந்திரவியல். புதுப் பல்சக்கரம் போடுவது அவனுக்கு ஒரு பெரிய வேலையே இல்லை. எண் சக்கரங்களை அச்சிலிருந்து உருவித் துடைத்து மறுபடி கோக்க வேண்டும், அவ்வளவுதான். கோக்கும்போது எந்த எண்ணையும் வைக்கலாம். நியாயமானவன் நின்ற எண்ணை வைப்பான். அவன் விரல்கள், அவள் அன்று காலை கத்திச் சொன்ன எண்ணை வைத்தன. முடித்த பிறகுதான் பார்த்தான். பார்த்தும் மாற்றவில்லை. அந்த எண்ணில் அவள் இன்னும் கிளம்பவில்லை.

டிக்.

மூன்று நேராக வந்து நின்றது.

மீட்டரைக் கையில் எடுத்தான். உள்ளங்கைக்குள் வண்டு ஒன்றைப் பொத்திவைத்தது போல ஒரு குறுகுறுப்பு. நகத்தால் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினான். போயிற்று. விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. வந்த இடத்தில் நிற்காமல் நான்கைத் தொட்டது. ஸ்பிரிங் எதுவும் இல்லாத பொருள் அது. திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை.

காரில் மாட்டிவிட்டால் நிற்கும் என்று தோன்றியது. கேபிளின் மறுமுனை கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. சக்கரம் உருளாமல் கேபிள் சுற்றாது, கேபிள் சுற்றாமல் எண் மாறாது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவி, கேபிளின் மூடியைத் திருகி இறுக்கினான். ரெக்ஸின் நாற்றம், பழைய பெட்ரோல் வாடை, துரு நீக்கும் எண்ணெயின் காட்டம். அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனையும் மெல்ல வந்தது. வெயில் பட்ட தண்ணீர்ப் பாசி. ஏரியை ஒட்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் வருமே, அது. வெளியே மழை. கண்ணாடிகள் ஏறியிருந்தன.

எழுந்து உட்கார்ந்து பார்த்தான்.

நிற்கவில்லை. இப்போது பாதி பாதியாகவும் நகரவில்லை. ஒவ்வோர் எண்ணும் வந்து, கொஞ்சம் நின்று, போயிற்று. சாவி ஷெட் சுவரில் தொங்கியது. பானெட் சில்லென்றிருந்தது. காலையில் அவள் சொன்ன எண்ணுக்கும் வண்டி நின்ற எண்ணுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதில் பாதி முடிந்துவிட்டது.

"அப்பா, கதவச் சாத்து. காத்து ரொம்ப அடிக்குது."

பின்சீட்டில் மகள் குட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தவள். எப்போது வந்தாள், எந்தக் கதவைத் திறந்தாள், எதுவும் அவன் காதில் விழவில்லை. அவள் நெற்றி முடி பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

"இங்க என்னடா பண்ற?"

"ஷ்ஷ்." விரலை உதட்டில் வைத்தாள். "ஓட்டும்போது பேசக் கூடாதாம்."

"யார் சொன்னது?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த அவனைத் தாண்டி, இல்லை, அவன் உட்கார்ந்திருந்த இடத்தையே, அவன் அங்கே இல்லாதது போலப் பார்த்தாள்.

அன்று தானும் வருகிறேன் என்று இவள் அழுதாள். காய்ச்சல் என்று அவன்தான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்த வாட்டி உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்டா தங்கம் என்று சொல்லித்தான் அம்மா காரில் ஏறினாள்.

இறங்கிப் பின்கதவைத் திறந்தான். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மழையில் ஓடினான். வீட்டுக்குள் வந்து, அவளைச் சோபாவில் உட்காரவைத்து, தாழ் போட்டான். ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. பாலைச் சூடாக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அவள் முன்னால் ஸ்டூலில் வைத்தான்.

"குடி. எழுந்திருக்காத. இதோ வந்துடறேன்."

அவள் தலையாட்டினாள். அவனுக்குத்தான் ஆட்டினாளா என்று தெரியவில்லை.

ஷெட்டில் சுத்தியலை எடுத்தான். மீட்டரைக் கழற்றக்கூட இல்லை. கண்ணாடியோடு சேர்த்து டாஷ்போர்டிலேயே அடித்தான். முள் வளைந்தது. மறுபடி அடித்தான். புதுப் பல்சக்கரம் தெறித்துக் காலடியில் விழுந்தது. எண் சக்கரங்கள் ஒவ்வொன்றாக உருண்டு சீட்டுக்கு அடியில் போயின. பிடுங்கிய கேபிள் செத்த பாம்பாகத் தொங்கியது. மூச்சு வாங்க நின்றான்.

டிக்.

ஷெட்டில் இல்லை. வீட்டுப் பக்கம்.

டிக்.

அப்போதுதான் உறைத்தது. இனி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவனிடம் எதுவுமில்லை.

ஓடினான்.

குட்டி சோபாவில் வைத்த இடத்திலேயே இருந்தாள். மின்விசிறி ஓடவில்லை. முடி பறந்தது. அவள் உடம்பு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. பிறகு மறுபக்கம். சிரித்தாள். வளைவுகளில் அம்மாவும் மகளும் ஆடும் விளையாட்டு அது.

ஸ்டூல் அசையவில்லை. டம்ளர் அசையவில்லை. அதற்குள் இருந்த பால் மட்டும் ஒரு பக்கமாக ஏறி, சரிவாக நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமமானது. மறுபக்கம் ஏறியது.

ஏரிக்கரைச் சாலை. அவனுக்கு அது மனப்பாடம். கோயில் வாசல் போலக் கவிந்த ஆலமரம். மதகு. அப்புறம் இரட்டை வளைவு.

இரட்டை வளைவு முடிந்துவிட்டது.

குழந்தையைத் தூக்கினான். எடை இல்லாமல் கைக்கு வந்தாள். ஆனால் அவன் கைகளுக்குள்ளேயே அவள் இன்னும் போய்க்கொண்டிருந்தாள். அவனுக்கு எந்த அசைவும் தெரியவில்லை. தரை தரையாகவே இருந்தது. இந்த முறையும் அவனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

"நிறுத்து," என்றான் வெறும் அறையைப் பார்த்து. "வண்டிய நிறுத்தும்மா. பாப்பா இருக்கா உள்ள."

பால் முன்பக்கம் ஏறவில்லை. யாரும் பிரேக்கை மிதிக்கவில்லை.

"குட்டி, அம்மாகிட்ட சொல்லு. நிறுத்தச் சொல்லு."

"அம்மா." கூப்பிட்டாள். காத்திருந்தாள். சிரிப்பு போய்விட்டது. "அப்பா, அம்மா ஏன் கீழ பாத்துட்டே ஓட்டுறாங்க?"

டிக்.

பாசி வாசனை கூடத்தை நிறைத்தது.

அடுத்தது கடைசி வளைவு, குட்டிக்கு அது தெரியும். எத்தனையோ முறை போன வழி. அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

டம்ளரில் பால் சமமாக நின்றது.