ஆறாவது சேலை

வீட்டுக்குள் நுழைந்ததும் நாகவல்லிக்குத் தட்டுப்பட்டது வாசனைதான். பச்சைச் சுண்ணாம்பின் வாசனை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது எழுந்து, மூக்குக்குள் லேசாகச் சுடுமே, அது. கொத்தமங்கலத்தில் அவளும் கணவன் பாண்டியராஜனும் குடியிருந்த அந்தப் பெரிய வீட்டுக்கு வெள்ளையடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். முன்னால் இரண்டு அறைகளை இவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டு, மீதி அறைகளையெல்லாம் பூட்டிப் போட்டிருந்தார்கள்.

மழை ஈரத்துக்குப் பழைய காரை ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டுத் தேங்காய்ப்பூத் துண்டால் தலையைத் துவட்டினாள். வாசனை போகவில்லை.

மத்தியானம் ஊருணிக் கரையில் நடந்த கூட்டம் இன்னும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அஞ்சுபேர் கோவில் என்று ஒன்று உண்டு. கோபுரம் கிடையாது. வேம்பின் அடியில் மஞ்சள் பூசிய ஐந்து கல், அவ்வளவுதான். விக்டோரியா ராணி காலத்தில், இந்த ஊர்ப் பெரிய வீடுகளெல்லாம் எழும்பிக்கொண்டிருந்தபோது, சுண்ணாம்பு அரைத்துவிட்டு அந்தி மயங்க வீடு திரும்பிய பெண்களை எவனோ ஒருவன் ஒருத்தி ஒருத்தியாகக் கழுத்தறுத்துக் கொன்றான். அவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. செத்தவர்களுக்குக் கல் நட்டார்கள். ஐப்பசியில் ஒரு நாள், கல்லுக்கு ஒரு சேலை சாத்திக் கும்பிடுவது வழக்கம்.

இந்த வருடம் உள்ளூர்க்காரி காளியாயி ஒரு சேலையோடு வந்து நின்றாள். தன் பூட்டியின் அக்கா பேச்சியையும் அவன்தான் கொன்றான், அவளுக்கும் ஒரு கல் வேண்டும் என்றாள்.

கோவில் கமிட்டித் தலைவர் ஏகப்பன் தலையைச் சொறிந்தார். "டீச்சர், நீங்கதேன் காலேஜ்ல வரலாறு எடுக்குறவுக. அஞ்சா ஆறான்னு நீங்களே சொல்லிருங்க. அதோட விட்ருவோம்."

நாகவல்லி சொன்னாள். சிவகங்கையில் பழைய காகிதங்களுக்கிடையே அந்தக் காலத்து டாக்டர் எழுதி வைத்ததை அவள் படித்திருந்தாள். ஐந்து பேருக்கும் இடது காதிலிருந்து வலது காது வரை ஒரே வெட்டு. பேச்சிக்கு வெட்டு பாதியோடு நின்றிருந்தது, உடம்பும் ஊருணித் தண்ணீருக்குள் கிடந்தது. "அது வேற கை. வீட்டுச் சண்டையாக்கூட இருக்கலாம்" என்றாள். ஏறக்குறைய அதே காலத்தில் லண்டன் சந்துகளில் பெண்களைக் கொன்றவனைப் பற்றியும் சொன்னாள். அவனும் யாரென்று தெரியாது, ஐந்து பேர் என்கிறார்கள் சிலர், பதினொன்று என்கிறார்கள் சிலர், அங்கேயும் வெட்டை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள் என்றாள். பேசப் பேச வகுப்பில் நிற்பதுபோல ஒரு தெம்பு வந்தது அவளுக்கு.

காளியாயி முழுவதையும் கேட்டாள்.

"கழுத்த அளந்துதேன் டீச்சர் கணக்குப் போடுவீகளா? பாதி அறுபட்டதோட அவன் கையத் தட்டிவிட்டுட்டு ஓடுனா எங்க பேச்சி. ஓடுனவ தண்ணிக்குள்ள விழுந்தா. தப்பிக்கப் பாத்தது ஒரு குத்தமா?"

"இந்த வருசம் அஞ்சோட இருக்கட்டும் காளியாயி" என்றார் ஏகப்பன்.

அவள் அந்த அரக்குச் சேலையைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, பெய்கிற மழையில் குடையில்லாமல் நடந்து போனாள். அந்த முதுகு நாகவல்லிக்குத் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது தப்பில்லை.

அடுப்பில் டீ கொதித்தது. இஞ்சி தட்டிப் போட்டும் அந்தச் சுண்ணாம்பு நெடியே முன்னால் நின்றது. இப்போது அதோடு பாசி வாசனையும் சேர்ந்திருந்தது, வெகுநாள் கலக்காத தண்ணீரைக் கலக்கியதுபோல. வளவில், வீட்டின் நடுவே திறந்த வானத்துக்குக் கீழே, மழை நான்கு தாழ்வாரத்திலிருந்தும் தகரக் குழாய் வழியே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். சொட்டுச் சொட்டாக, நிதானமாக. கூரைக்குக் கீழே, தூண்களுக்கு அந்தப் பக்கம், நனைந்த துணி ஒன்று சொட்டும் சத்தம்.

அவள் கொடியில் எதையும் காயப் போடவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். அவள் சுவிட்சில் கை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

போனை எடுத்துப் பாண்டியராஜனைக் கூப்பிட்டாள். அவன் சிவகங்கையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

"எங்க இருக்கீக?"

"இப்பத்தான் காளையார்கோவில் தாண்டுது. ரோடெல்லாம் தண்ணி. என்ன நாகு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கரண்ட் இல்ல. சும்மா பேசிக்கிட்டு இருங்க."

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"வீட்ல யாரு வந்திருக்கா?"

"யாருமில்லையே."

"இல்ல... போன்ல கேக்குது. ரொம்பப் பேரு ஓடி வந்து மூச்சு வாங்குற மாதிரி. கோவில் ஆளுகளா? உன் பக்கத்துல—"

சிக்னல் போய்விட்டது.

நாகவல்லி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். மழை சட்டென்று குறைந்தது. அப்போது அவளுக்கும் கேட்டது. மூச்சு. அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. ஒன்றல்ல.

போனில் டார்ச்சைப் போட்டாள்.

அருகிலிருந்த தூணுக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள். ரவிக்கை இல்லாத தோள்மேல் நனைந்த கண்டாங்கிச் சேலை ஒட்டிக் கிடந்தது. முழங்கை வரை சுண்ணாம்பு வெள்ளை. கழுத்தின் இடது பக்கம் பிளந்திருந்தது. பாதி வரை. அதற்குள்ளிருந்து ஊருணித் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

நாகவல்லி பின்வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிர்றேன்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஆறுன்னு சொல்லிர்றேன். நாளைக்கே ஏகப்பன்கிட்டச் சொல்றேன். கல்லு நடச் சொல்றேன். பேச்சி... தாயி..."

அந்தப் பெண் சுண்ணாம்பு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

பேசாதே.

வெளிச்சம் அடுத்த தூணுக்குப் போனது. அங்கேயும் ஒருத்தி. அதற்கடுத்ததிலும். தாழ்வாரம் முழுக்க, சுவரோடு முதுகை ஒட்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேர் இல்லை. ஆறும் இல்லை. கண்டாங்கிகளுக்கு அப்பால் பஃப் கை ரவிக்கை போட்ட ஒருத்தி. ரிப்பன் கட்டி இரட்டைச் சடை போட்ட தாவணிப் பெண். நைலக்ஸ் சேலை. நைட்டிமேல் துண்டு போட்ட ஒருத்தி. வளவின் மூலையில் சுடிதார் போட்ட ஒரு பெண். அவள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையின் நீல நாடா. நாடாவுக்கு மேலே, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, அதே ஒரே வெட்டு.

அவள் செருப்பு புதிதாக இருந்தது. ஒட்டிய விலைச்சீட்டைக்கூட உரிக்கவில்லை.

நாகவல்லி கத்த வாயைத் திறந்தாள். கத்தவில்லை. ஏனென்றால் அப்போதுதான் பார்த்தாள். அவர்களில் ஒருத்திகூட அவளைப் பார்க்கவில்லை.

எல்லோரும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோர் கையும் அவரவர் வாய்மேல் இருந்தது.

மிரட்ட வரவில்லை. நியாயம் கேட்கவும் வரவில்லை. அவனிடமிருந்து ஒளிய வந்திருக்கிறார்கள்.

வெளியே தெருவில் நடை கேட்டது. தேங்கிய தண்ணீரில் ஒரு கால், அடுத்த கால். அவசரமே இல்லாத நடை. படியேறியது. நின்றது.

தாவணிப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேச்சி குந்தியபடியே நாகவல்லியை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து சுவரோரம் கொஞ்சம் நகர்ந்தாள். அடுத்தவளும் நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் வந்தது.

நாகவல்லி டார்ச்சை அணைத்தாள். இருட்டில் இரண்டடி பின்னால் வைத்தாள். முதுகில் சுவர் பட்டது. இரண்டு பக்கமும் ஈரத் தோள்கள். குளிர். ஒரு கை வந்து அவள் வாயை மூடியது. யாருடைய கை என்று தடவிப் பார்த்தாள்.

அவளுடையதுதான்.

தேக்குக் கதவு உள்பக்கமாக மெல்லத் திறந்தது.