பங்குக் கிணற்றில் உப்பு

“நாளைக்குக் காலையில ஆபீசர் வர்றார் ஐயா. கெணத்துத் தண்ணிய வாயில வச்சாருன்னா எங்க நெலம் போச்சு,” என்றாள் செல்வாம்பாள். நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

முத்தியால்பேட்டை ஜானகிராமன் வீட்டுக்கு இப்படி ஆள் வருவது புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்தில் போலீசில் இருந்தவர். எண்பத்து மூன்று வயதிலும் ஊர் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு ‘முசே’ என்றுதான் கூப்பிட்டது. பக்கத்து சைக்கிள் கடை அரிகிருஷ்ணனுக்கோ வழக்கு என்றால் கல்யாணச் சாப்பாடு. கழற்றிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து நின்றான்.

விஷயம் இதுதான். ஊருக்கு வடக்கே இருபோகம் விளையும் நிலம். அதில் கட்டடம் கூடாது என்று அரசாங்கமே பாதுகாப்புக் கொடுத்திருந்தது. இப்போது அங்கே விளையாட்டு அரங்கம் கட்டியே தீருவது என்று பெரிய மனிதர்கள் சேர்ந்து கமிட்டி போட்டிருந்தார்கள். தண்ணீர் கெட்டுப்போனது என்று அதிகாரி எழுதிவிட்டால் பாதுகாப்பு தானாகவே கழன்றுவிடும்.

“ரெண்டு நாளா கரண்ட் இல்ல. இன்னிக்கு விடியக்காலம்தான் வந்துச்சு. மோட்டார் போட்டேன், உப்புக் கரிச்சுது. உடனே நிறுத்திட்டேன்.”

“கெணறு யாருது?”

“பங்குக் கெணறு ஐயா. நான், என் கொழுந்தன் தெய்வசிகாமணி, பக்கத்து நெலத்து பலராமன். பலராமன் வித்துடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். மனு குடுத்தது, கொடி புடிச்சது எல்லாம் தெய்வசிகாமணிதான். அவன்தான் எனக்கு வலது கை.”

“வழக்கு முடிஞ்சுது சார். பலராமன்,” என்று காதைக் கடித்தான் அரிகிருஷ்ணன்.

ஜானகிராமன் அவன் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வடக்கே போக வேண்டியவர், கிழக்கே குருசுக்குப்பத்துக்குச் சைக்கிளை விடச் சொன்னார். கடலோரக் கிணறு ஒன்றில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ‘வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாமே’ என்று, வேர்க்க விறுவிறுக்க மிதித்துவந்த அரிகிருஷ்ணன் மனசுக்குள் முணுமுணுத்தான்.

கிணற்றடியில் மூன்று பங்குக்காரர்களும் காத்திருந்தார்கள்.

“நேத்து சாயங்காலமே குடத்துல மொண்டு குடிச்சேன், முசே. வாயில வைக்க முடியல,” என்றான் தெய்வசிகாமணி. “கடல் உள்ள வந்துடுச்சு. இனிமே எதுத்து நின்னு என்னா பிரயோஜனம்?”

“நானும் நேத்து சாயங்காலம் மாட்டுக்கு மொண்டேன். ஒரு வாய் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துது,” என்றான் பலராமன்.

புளுகுகிறான் பார் என்று அரிகிருஷ்ணன் கண்ணைக் காட்டினான்.

ஜானகிராமன் குடத்தை வாங்கி, நீர் கலங்காமல் மெல்ல இறக்கி மேலாக மொண்டார். குடித்துவிட்டு அரிகிருஷ்ணனிடம் நீட்டினார். நல்ல தண்ணீர். பிறகு மோட்டாரைப் போடச் சொன்னார். குழாயில் வந்ததை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்த அரிகிருஷ்ணன் முகம் கோணித் துப்பினான்.

“ஒரே கெணறு சார். எப்படி?”

“உப்புத் தண்ணி கனம், அடியில தங்கும். மோட்டார் குழா அடியிலேருந்து இழுக்குது. கடல் வந்திருந்தா மொதல்ல குருசுக்குப்பத்துக் கெணறுல்ல கெட்டிருக்கணும்? அங்க தண்ணி நல்லா இருக்கு. அப்போ இது கடல் உப்பு இல்ல, கடை உப்பு. யாரோ மூட்டையா எறக்கியிருக்காங்க.”

அவர் தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பினார்.

“குடத்துத் தண்ணி இன்னிக்கே நல்லா இருக்கே. நேத்து எப்படிக் கரிச்சுது? மோட்டாரும் ஓடல. கெணத்துல உப்பு இருக்குன்னு நேத்தே தெரிஞ்சவன், அதப் போட்டவன் ஒருத்தன்தான். கடல் கொஞ்சம் கொஞ்சமா வந்ததா நாங்க நம்பணும்னு ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிட்ட.”

தெய்வசிகாமணி கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான்.

“மில்லு மூடினதுலேருந்து புள்ள சும்மா கெடக்குறான், அண்ணி. அரங்கம் வந்தா அவனுக்கு வாட்ச்மேன் வேலைன்னு கமிட்டியில சொன்னாங்க.”

பலராமன் செய்திருந்தால் செல்வாம்பாளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆனால் அழுது தீர்க்க அவளுக்குப் பொழுதில்லை.

“போட்டது நீ. நீயே எறங்கி எடு,” என்றாள்.

தெய்வசிகாமணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மூழ்கி மூழ்கி, பாதி கரைந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டி அனுப்பினான். அரிகிருஷ்ணன் இழுத்துப் போட்டான். தப்பாக நினைத்துவிட்டோமே என்று பலராமனை நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பலராமனோ அதையெல்லாம் கவனிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, உப்பு நீரைச் சாலையோர வாய்க்காலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“நெலத்த விக்கத்தான் போறேன், அக்கா. ஆனா கெட்ட நெலம்னு பேர் வாங்கி விக்க மாட்டேன்,” என்றான்.

கிணறு வற்றி, ஊற்று மறுபடி சுரந்தது. பொழுது சாயும்போது குழாயில் நல்ல தண்ணீர் வந்தது.

தெய்வசிகாமணி நனைந்த வேட்டியோடு ஒதுங்கி நின்றான்.

“நாளைக்கு நான் வரல, அண்ணி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபீசர் முன்னால நிக்கிறது?”

“வரணும்,” என்றாள் செல்வாம்பாள். “கொடி புடிச்ச ஆளையே காணோம்னா அவர் என்னா நெனைப்பாரு? முன்னால நில்லு. மொத டம்ளர் நீ குடி. குடிச்சுட்டு, தண்ணி எப்படி இருக்குன்னு உன் வாயாலேயே சொல்லு.”