குதிரைப் பண்ணையில் தொலைந்த போன்

ஆன்சி டீச்சர் வந்த வேகத்தைப் பார்த்தால், தொலைந்த போனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று யாரும் நினைப்பார்கள். அவர் கேட்டது வேறு. போன் போனால் போகட்டும். அதை எடுத்தது பண்ணையில் வேலை பார்த்த சுருளி இல்லை என்று நிரூபித்துத் தர வேண்டும்.

அற்புதமேரி நாற்காலியைக் காட்டினார். இருபத்தாறு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களைக் கிளறியெடுத்தவர். ஓய்வு பெற்று அவனியாபுரத்தில் குடியேறிய பிறகும் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. பக்கத்தில் சிஹாபுதீன் இருந்தார். டூரிஸ்ட் வேன் சொந்தக்காரர். சவாரி இல்லாத நாளெல்லாம் அக்காவின் உதவியாளர். அந்த வேலைக்கு யாரும் அவரை நியமிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 31 காலையில் ஆன்சி, தோழிகளோடு அலங்காநல்லூருக்கு அப்பால் உள்ள பந்தயக் குதிரை வளர்ப்புப் பண்ணையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். கழிப்பறை தேடிப் பின்பக்கம் போனபோது, ஒரு லாயத்தின் ஜன்னல் வழியே ஈரம் காயாத குட்டி ஒன்றைத் தாய் நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் படம் எடுத்தார். மேனேஜர் இம்மானுவேல் ஓடி வந்து, இந்தப் பக்கமெல்லாம் வரக்கூடாது என்று அவரை விரட்டினார்.

டீ குடித்துவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் வைத்த கைப்பையில் போன் இல்லை. பாலிஷ் போடக் கொண்டுபோன தங்கக் கம்மல் அதே பையில் அப்படியே இருந்தது. குதிரைகளைப் பராமரிக்கும் சுருளிதான் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் மேனேஜர் ஒரு புகாரை எழுதி நீட்ட, ஆன்சி கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே சுருளியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் அவர் மனைவி மலையம்மாள், திருப்பரங்குன்றத்தில் இருக்கும் ஆன்சியின் வீட்டைத் தேடிப்பிடித்து வந்து வாசலிலேயே அழுதிருக்கிறார். திருடன் என்று பேர் வாங்கிய ஆளை வேறெந்தப் பண்ணையும் சேர்க்க மாட்டேன் என்கிறதாம்.

"பிள்ளைகள்ட்ட ரெண்டு தடவ வாசிச்சுட்டு எழுதுன்னு சொல்றவ, நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா" என்றார் ஆன்சி. தன்மேலேயே அவருக்கு அவ்வளவு கோபம். படங்கள் வேறெங்காவது சேமிப்பில் இருக்குமா என்று அற்புதமேரி கேட்டதற்கு, இடம் நிறைந்து மூன்று மாதமாகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். குரங்கு தூக்கிப் போயிருக்கும் என்றார் சிஹாபுதீன்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு, இருவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பண்ணைக்குள் போனார்கள். அன்றைக்கு அற்புதமேரியின் பொறுமையைச் சோதிப்பது என்று அந்த இடமே முடிவு செய்திருந்தது போலும். இருபது பேர் சேரட்டும் என்று வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு ஒரு கொட்டகையில் உட்காரவைத்து வீடியோ போட்டார்கள். அதன்பின் ஆளுக்கொரு கேரட்டைக் கொடுத்து, பந்தயத்துக்கே சம்பந்தமில்லாத ஒரு கிழட்டு மட்டக்குதிரைக்கு ஊட்டச் சொன்னார்கள். பின்பக்கம் போக முடியாதபடி கயிறு கட்டியிருந்தது. சுருளியைப் பற்றிக் கேட்டால் வாட்ச்மேன் தன் செல்போனைத் துடைக்க ஆரம்பித்தார். கேரட்டைப் பார்க்கவா வேனில் இம்புட்டுத் தூரம் வந்தோம் என்று சிஹாபுதீனே அலுத்துக்கொண்டார்.

உருப்படியாகக் கிடைத்தது மூன்றே விஷயங்கள். நுழைவாயிலில் புத்தாண்டு ஃபிளெக்ஸ் ஒன்று இன்னும் கிழிந்து தொங்கியது: ஜனவரி ஒன்று, எங்கள் எல்லாக் குதிரைகளுக்கும் பிறந்தநாள், கேக் வெட்ட வாருங்கள். அது என்ன கணக்கு என்று சிஹாபுதீன் கேட்க, எந்த மாதம் பிறந்தாலும் பந்தயக் குதிரைக்கு அடுத்த ஜனவரி ஒன்றில் ஒரு வயது கூடிவிடும் என்று இம்மானுவேல் மனப்பாடமாக ஒப்பித்தார். கடைசியாக, கயிற்றுக்கு அப்பால், கால்கள் மறையும்படி போட்ட வைக்கோலில் ஒரு பெண்குட்டி நின்றது. இந்தப் பருவத்தின் முதல் குட்டி, பிறப்பு ஜனவரி 2 என்றது பலகை.

திரும்பும் வழியெல்லாம் அற்புதமேரிக்கு ஒரு நாள் முழுக்க வீணாகிவிட்டதே என்ற எரிச்சல். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அந்த எரிச்சல் அடங்கியது. பண்ணையின் சொந்தக்காரி தமிழ்ச்செல்வியின் நம்பர் வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் பண்ணை அலுவலகத்தில் தமிழ்ச்செல்வி, இம்மானுவேல், ஆன்சி, சுருளி எல்லாரும் கூடினார்கள். சுருளி உட்கார மறுத்துக் கதவோரமே நின்றார்.

"எடுத்த ஆளு கம்மல விட்டுட்டு, செல்போன மட்டும் எடுத்திருக்காரு" என்று ஆரம்பித்தார் அற்புதமேரி. "அப்ப அவருக்கு வேண்டியது போன் இல்ல, அதுக்குள்ள இருந்த ஒரு படம். டீச்சர் அன்னைக்கு எத்தனையோ படம் எடுத்தாங்க. மேனேஜர் ஓடி வந்து விரட்டுனது ஒரு படத்துக்குத்தான். ஈரங்காயாத குட்டி. மொதக் குட்டியே ஜனவரி ரெண்டுலதான்னு பலகையில போட்டுருக்கு. டிசம்பர் முப்பத்தொன்னுல டீச்சர் பாத்தது எந்தக் குட்டி?"

போன வருஷத்துக் குட்டியைப் பார்த்துவிட்டு டீச்சர் குழப்புகிறார் என்றார் இம்மானுவேல். அற்புதமேரி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்தக் குட்டிக்கு அடையாளம் ஏதாவது உண்டா என்று ஆன்சியைக் கேட்டார்.

"இடது பின்னங்கால் மட்டும் வெள்ள. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சாக்ஸ் மாதிரி."

தமிழ்ச்செல்வி எழுந்து போய், வைக்கோலை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். மேனேஜரைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

"ரெண்டு நாளு முன்னபின்ன ஆனா என்னக்கா?" என்று சிஹாபுதீன் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"முப்பத்தொன்னுல பொறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயசு ஆயிரும். வருஷம் பூரா வளந்த குதிரைகளோட, சமவயசுன்னு ஓடணும். ஓடி ஜெயிக்குமா?"

இம்மானுவேல் மெதுவாக ஒப்புக்கொண்டார். நல்ல வம்சத்துக் குட்டி. நாள் கணக்கு ஜனவரி நடுவில் இருக்க, தாய் முந்திக்கொண்டுவிட்டது. முதலாளியம்மாவிடம் என்ன சொல்வது என்று பயந்து தேதியை மாற்றினார். போனை எடுத்துப் பண்ணைக் கிணற்றில் போட்டதும் அவர்தான்.

தமிழ்ச்செல்வி அவரை அப்போதே வெளியே அனுப்பினார். சரியான தேதியைக் குதிரைப் பதிவு அலுவலகத்துக்குத் தானே எழுதி அனுப்பப் போவதாகவும், சுருளி நாளையே வேலைக்கு வரலாம் என்றும் சொன்னார். ஆன்சி கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். சுருளி அவரைப் பார்க்கவில்லை, அற்புதமேரியைப் பார்த்தார்.

"அன்னைக்கி அந்தக் குட்டியக் கையில வாங்குனதே நாந்தேன். மூச்சு வரல. நெஞ்சத் தேச்சுத் தேச்சு எழுப்புனேன். தேதி எனக்குத் தெரியாதாம்மா? போன எடுத்தது யாருன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல? உங்க வீட்டம்மா வாசல் வாசலா அழுதுட்டுத் திரியுறாங்க."

"சொன்னா அந்தக் குட்டி ஓடாதுல்ல."

தமிழ்ச்செல்வி தேதியை எழுத எடுத்த பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"எம்பேரு கெட்டா நாலு வருஷத்துல மறந்துருவாக. நான் கூலி வேலைக்குப் போயிருப்பேன்" என்றார் சுருளி. "அதுக்கு ஓடுறதத் தவுர வேற என்னம்மா இருக்கு?"